சீலியாக் நோயும் நம் அரிசிச் சமையலறையும்

என் அக்கா மகளுக்கு, கோதுமை போன்ற தானியங்களின் புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் சீலியாக் நோய் இருப்பது அவளுடைய ஒன்பதாவது வயதில் தெரிய வந்தது. அதற்கு முன்பு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் இரத்தச்சோகை குறையவில்லை. பள்ளியில் உயர வரிசைப்படி நிற்கும்போதெல்லாம் முதலில் நின்றவள் அவள்தான். நோயின் பெயர் தெரிந்த பின் வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். கோதுமை அலர்ஜி என்றார் ஒருவர். கோதுமை சூடு, பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் இன்னொருவர். சப்பாத்தியே சாப்பாடாக இருக்கும் வடக்கத்தியவர்களுக்கு வருகிற நோய் நம் வீட்டில் எப்படி வந்தது என்று வியந்தவர்களும் உண்டு. "தினமும் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கு, உடம்பு ஏற்றுக்கொள்ளும்" என்று பெரியம்மா ஒருவர் அக்காவிடம் சொன்னது முழுக்க முழுக்க அன்பினால் சொன்னது. ஆனால் அத்தனை பேச்சிலும் பிள்ளைக்கு மிகுந்த கேடு விளைவிக்கக்கூடியது அதுதான்.

ஏன் அது கேடு என்பதைப் புரிந்துகொள்ள, குடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்துவிட்டால் எதை உண்ணலாம், எதை ஒதுக்க வேண்டும், அடுப்படியில் எங்கே கவனம் தேவை என்பதெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகளாக இல்லாமல் இயல்பாகவே விளங்கும்.

பரோட்டா மாவும் கொழுக்கட்டை மாவும்

பரோட்டா போடுபவர் மைதா உருண்டையைத் தட்டி, எண்ணெய் தடவி, இரு கைகளாலும் வீசும்போது அது பின்னால் உள்ள மேசை தெரியும் அளவுக்கு மெல்லிய துணிபோல விரிகிறது, கிழிவதில்லை. அதே ஆள் அரிசி மாவைப் பிசைந்து வீச முடியாது. கொழுக்கட்டைக்கு அரிசி மாவைக் கொதிநீர் ஊற்றிக் கிளறினால்தான் அது ஒன்றுசேர்கிறது, அப்போதும் சொப்பு செய்யும்போது ஓரம் வெடிக்கிறது. மைதாவும் கோதுமையிலிருந்து வருவதுதான். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கோதுமையில் உள்ள ஒருவகைப் புரதக் கூட்டம். அதன் பெயர் குளூட்டன்.

குளூட்டனைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம், பெயர் மட்டும் தெரியாமல். அல்வாவுக்காகச் சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்தால், வெள்ளைப் பால் பாத்திரத்தில் இறங்கிவிடும். கையில் சாம்பல் நிறத்தில், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ரப்பர் போன்ற ஒன்று தவிடோடு எஞ்சும். பாலில் இறங்கியது பெரும்பாலும் மாவுச்சத்து, கையில் நின்றது பெரும்பாலும் குளூட்டன். பாலிலும் சிறிதளவு குளூட்டன் கரைந்து போவதால் அந்த அல்வா சீலியாக் நோயாளிக்கு ஆகாது.

கோதுமையில் மட்டுமன்றி, அதன் நெருங்கிய உறவுகளான பார்லியிலும் ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்திலும் இதே வகைப் புரதங்கள் உள்ளன. பார்லிக்குத் தமிழில் வாற்கோதுமை என்றே பெயர். இந்த நோய்க்கு அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது மிகவும் உதவும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றில் நோயைத் தூண்டும் இந்தப் புரதங்கள் இல்லை. செட்டிநாட்டுக் கவுனி அரிசி பசைபோல ஒட்டுவதைக் கண்டு அதில் குளூட்டன் இருக்குமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த ஒட்டும் தன்மை மாவுச்சத்தால் வருவது, அச்சம் வேண்டியதில்லை.

குடலுக்குள் நடப்பது

நாம் உண்ணும் புரதம் ஒரு பூச்சரம் போன்றது. சரத்தில் உள்ள ஒவ்வொரு பூவும் ஓர் அமினோ அமிலம். வயிறும் சிறுகுடலும் சுரக்கும் நொதிகள், அதாவது செரிமானத்துக்கான வேதிக் கத்தரிகள், இந்தச் சரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, தனித்தனிப் பூக்களாகவும் ஓரிரு பூ கொண்ட துணுக்குகளாகவும் ஆக்கிய பிறகே உடல் அவற்றை உறிஞ்சுகிறது. குளூட்டன் சரத்தில் சில இடங்கள் மிக இறுக்கமாகக் கட்டப்பட்டவை. நம் கத்தரிகள் அங்கே நுழைவதில்லை. ஆகவே யார் கோதுமை உண்டாலும் சில நீளத் துண்டுகள் வெட்டுப்படாமல் எஞ்சுகின்றன. பெரும்பாலோருக்கு அவை எந்தத் தொல்லையும் தருவதில்லை.

சீலியாக் நோய் உள்ளவர்களின் உடலில் அந்தத் துண்டுகள் குடற்சுவரைத் தாண்டி உள்ளே நுழையும்போது கதை மாறுகிறது. காயத்தை ஆற்றும் பணிக்காக நம் திசுக்களில் இருக்கும் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி, அந்தத் துண்டில் ஒன்றிரண்டு பூக்களை மாற்றிவிடுகிறது. மாறிய துண்டு, நோயெதிர்ப்பு அணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு பிடிப்பில் கச்சிதமாகப் பொருந்துகிறது. எல்லோருக்கும் இந்தப் பிடிப்பின் வடிவம் ஒன்றுபோல் இருப்பதில்லை. டிக்யூ2, டிக்யூ8 எனப்படும் பரம்பரை வடிவங்கள் உடையவர்களுக்கே இது பொருந்தும். பிடிப்பில் அமர்ந்த துண்டைக் கண்ட நோயெதிர்ப்பு மண்டலம், கிருமி புகுந்துவிட்டதாகக் கொண்டு தாக்குதலைத் தொடங்குகிறது. அந்தத் தாக்குதல் குடற்சுவர்மீதே விழுகிறது; மேற்சொன்ன நொதிக்கு எதிராகவும் எதிர்ப்பொருள்கள், அதாவது பகையைக் குறிவைத்து நோயெதிர்ப்பு மண்டலம் இரத்தத்தில் விடும் புரதங்கள், உருவாகின்றன. உடல் தன் சொந்தப் பகுதியையே தாக்குவதால் இதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறோம்.

தாக்கப்படும் இடம் எது என்பதும் முக்கியம். சிறுகுடலின் உட்புறம் வழவழப்பானது அன்று. ஒரு மில்லிமீட்டரும் உயரமில்லாத இலட்சக்கணக்கான விரல் போன்ற நீட்சிகள் அதில் நெருக்கமாக நிற்கின்றன. பள்ளிப் பாடநூலில் குடலுறிஞ்சிகள் என்று படித்தவை இவையே. பூத்துவாலையில் எழும்பி நிற்கும் நூல்கள் சாதாரணத் துணியைவிடப் பல மடங்கு நீரை இழுப்பதுபோல, இந்த நீட்சிகள் குடலின் பரப்பைப் பெருக்கிச் சத்துகளை இழுக்கின்றன. சீலியாக் நோயில் அவை குட்டையாகி, இறுதியில் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. உணவு வழக்கம்போல வருகிறது, இழுப்பதற்குத்தான் ஆளில்லை. இரும்புச்சத்து உறிஞ்சப்படும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியே பெரும்பாலும் முதலில் சேதமடைவதால், டானிக் குடித்தும் இரத்தச்சோகை தீராத நிலை ஏற்படுகிறது. என் அக்கா மகளுக்கு நடந்தது இதுதான்.

இதுவரை பார்த்ததைத் திரட்டினால்: குளூட்டன் ஒரு நஞ்சு அன்று, அது முழுதாக வெட்டுப்படாத புரதம். அதன் துண்டுகளைப் பகையாகக் கருதும் நோயெதிர்ப்பு மண்டலமே குடலுறிஞ்சிகளை அழிக்கிறது. சத்துக்குறைவு அந்த அழிவின் விளைவு.

அலர்ஜி வேறு, இது வேறு

கோதுமை அலர்ஜி என்பது உண்மையில் உள்ள மற்றொரு கோளாறு. அதில் உண்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் போன்றவை தோன்றும். சீலியாக் நோயில் அப்படி உடனடியாக எதுவும் தெரிய வேண்டும் என்பதில்லை. சிலருக்கு வயிற்றுப்போக்கும் உப்புசமும் இருக்கும். சிலருக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் இன்றி இரத்தச்சோகை, எலும்புத் தேய்மானம், குழந்தைகளில் வளர்ச்சிக் குறைவு என்ற வடிவில் மட்டுமே வெளிப்படும். உண்டபின் ஒன்றும் ஆகவில்லையே என்பதை வைத்துக் குடல் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாததற்கு இதுவே காரணம்.

வடக்கில் மட்டும்தானா?

இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் இரத்தத்தைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வு இந்தக் கேள்விக்கு நல்ல விடை தருகிறது. சீலியாக் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினரிடமும், வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினரிடமும், தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. தெற்குப் பகுதிக்கான ஆய்விடம் வேலூர். ஆனால் நோய்க்கு இடம் தரும் பரம்பரை வடிவங்கள் மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு என்ற கணக்கில் இருந்தன. பெரிதாக வேறுபட்டது கோதுமை உண்ணும் அளவு: வடக்கில் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

ஆகவே நமக்கு இந்த நோய் அரிது என்பது உண்மை; வராது என்பது உண்மையன்று. சர்க்கரை நோய்க்காக இரவில் சப்பாத்தி, குழந்தைக்கு மாலையில் பிஸ்கட், அலுவலகத்தில் பஃப்ஸ், வாரக் கடைசியில் பரோட்டா என்று நம் தட்டில் கோதுமை கூடிக்கொண்டே வருகிறது. நம் ஊரில் மருத்துவர்களும் குடும்பத்தினரும் இதை எதிர்பார்ப்பதில்லை என்பதால் கண்டறிவது தாமதமாகிறது. என் வருத்தமெல்லாம் அந்தத் தாமதத்தைப் பற்றியதுதான்.

சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தக் கூடாது

ஐயம் எழுந்தவுடன் பலரும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடுகிறார்கள். இது நோயறிதலையே குலைத்துவிடும். முதற்சோதனை, திசு டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் உள்ளதா என்று பார்ப்பது. அடுத்தது, பெரும்பாலானவர்களுக்கு, எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சிறு திசுத் துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. குளூட்டனை நிறுத்திய உடலில் எதிர்ப்பொருள் குறையத் தொடங்கும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். எனவே முதலில் மருத்துவர், பிறகு சோதனை, அதன் பிறகே உணவு மாற்றம்.

கொஞ்சம் என்பது எவ்வளவு?

இந்த நோய்க்குச் சிகிச்சை கோதுமையை விலக்கிய உணவுதான் என்று முதலில் நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1930களிலேயே கோதுமைமீது அவருக்கு ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944–45-இல் அந்நாட்டில் கடும் பஞ்சம் நிலவி ரொட்டி கிடைக்காமல் போனபோது, ஊரே பட்டினியில் வாட, அவருடைய சீலியாக் குழந்தைகளின் நிலை மோசமாகாததைக் கண்டார். 1950-இல் தம் ஆய்வேட்டில் அதை விரிவாக எழுதினார்.

அளவைப் பற்றிய தெளிவு மிகப் பின்னால் வந்தது. சிகிச்சையில் நலமாக இருந்த நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு வெறும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதங்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், அந்த அளவே குடலுறிஞ்சிகளைப் பாதிக்கப் போதுமானது என்று தெரிந்தது. நடுத்தரச் சப்பாத்தி ஒன்றில் ஏறத்தாழ இரண்டு கிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும். அதை நாற்பது துண்டாக்கினால் ஒரு துண்டு, சிறு அஞ்சல்தலை அளவே இருக்கும். நாள்தோறும் அவ்வளவு போதும் குடல் புண்பட. நோயெதிர்ப்பு மண்டலம் பழகிக்கொள்வதில்லை, ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துத் தாக்குகிறது. பெரியம்மா சொன்ன "துளித்துளியாக" என்பது இதனால்தான் ஆபத்து.

குளூட்டன் இல்லாதது என்று இந்தியாவில் ஒரு பொட்டலத்தின்மீது அச்சிட வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அந்த உச்ச வரம்பிலேயே உள்ள உணவை ஒருவர் அரைக் கிலோ உண்டாலும் 10 மில்லிகிராம்தான் உள்ளே போகும். குறைந்த குளூட்டன் என்ற வேறொரு முத்திரையும் உண்டு. அதில் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பதால் இந்நோயாளிகள் அதை வாங்கக் கூடாது.

சுருக்கமாக: மிகச் சிறிய அளவும் தொடர்ந்து போனால் கேடு. வேகவைப்பதாலோ பொரிப்பதாலோ குளூட்டன் அழிவதில்லை. சம்பா கோதுமையும் இயற்கை வேளாண்மைக் கோதுமையும் கோதுமையே.

பெருங்காய டப்பாவும் மாவு மில்லும்

இட்லி, இடியாப்பம், புட்டு, ஆப்பம், அடை, பொங்கல், சோறு என்று குளூட்டனே இல்லாத உணவுகள் இத்தனை நம் வழக்கில் இருப்பது பெரும் பேறு. ரொட்டியை நம்பி வாழும் நாடுகளில் இந்நோயாளிகள் தினசரி உணவையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, நாம் அப்படியன்று. வெளிப்படையாகத் தெரியும் சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரவை உப்புமா, சேமியா, கேசரி, பிஸ்கட், பிரெட் ஆகியவற்றை நிறுத்துவது ஒரு வாரத்தில் பழகிவிடும். நம்மை ஏமாற்றுபவை வேறு.

எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தி ஓராண்டு கழித்தும் பிள்ளையின் எதிர்ப்பொருள் அளவு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. யாரோ மறைத்து ஏதோ கொடுக்கிறார்கள் என்று அக்கா பாட்டிமேல்கூட ஐயப்பட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் இறக்கிவைத்துப் பொடி எழுத்துகளைப் படித்தோம். பெருங்காய டப்பாவில் சேர்மானம் என்ற இடத்தில் முதலில் இருந்தது கோதுமை மாவு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பால் பெருங்காயத்தின் காரத்தைத் தணிக்கக் கோந்தையும் மாவையும் கலந்துதான் விற்கிறார்கள். ஒரு சிட்டிகைதான் என்றாலும் சாம்பாரில், ரசத்தில், மோரில், ஊறுகாயில், முறுக்கில் என்று அது போகாத இடம் இல்லை. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் விற்கிறது. சேர்மானத்தைப் படித்து வாங்க வேண்டும்.

இன்னொரு வழி இன்னும் பெரிது. பிள்ளைக்காகக் கழுவி, உலர்த்தி, கையால் பொறுக்கிய அரிசியையும் கேழ்வரகையும் தெருமுனை மாவு மில்லில் கொடுத்து அரைத்து வந்துகொண்டிருந்தோம். ஒருநாள் நின்று பார்த்தேன். எங்களுக்கு முன்னால் ஒருவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்தார். அவருடைய மாவு விழுந்த அதே துணிக்குழாயைத் தட்டிவிட்டு, அடுத்து எங்கள் கேழ்வரகைக் கொட்டினார்கள். முதலில் வந்து விழுந்த மாவு கேழ்வரகின் நிறத்தில் இல்லை, வெளிறி இருந்தது. மில்காரர்மேல் குற்றமில்லை, அவர் எல்லோருக்கும் அப்படித்தான் அரைக்கிறார். அன்றிலிருந்து சிறு அளவுகளை வீட்டு மிக்ஸியில் அரைக்கிறோம். இடியாப்பத்துக்கும் முறுக்குக்கும் ஊறவைத்த அரிசியை நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்துக்கொள்கிறோம், சல்லடையும் தனி.

இந்த இரண்டையும் சரிசெய்தபின் அடுத்த சோதனையில் அளவு தெளிவாக இறங்கியது.

வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். சத்துமாவுப் பொடிகளில் கோதுமையும் பார்லியும் வழக்கமாகச் சேரும். பால் கலந்து குடிக்கும் மால்ட் பானங்களில் உள்ள மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. ராகி சேமியா என்று விற்பதில் பல வேளைகளில் கோதுமை மாவும் உண்டு. சோயா சாஸில் கோதுமை இருக்கும். ஓட்ஸ் வேறு தானியம்தான் என்றாலும் விளையும் இடத்திலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுவதால், குளூட்டன் இல்லாதது என்ற முத்திரையோடு வருவதையும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொட வேண்டும். உணவகத்தில் சாதா தோசை பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் அதே கல்லில்தான் ரவா தோசையும் வார்க்கிறார்கள், பூரி பொரித்த எண்ணெயில்தான் வடையும் பொரிகிறது. ஆவியில் வெந்த இட்லியும், பெருங்காயம் போடாத தேங்காய்ச் சட்னியும் பயணங்களில் எங்களுக்குக் கைகொடுக்கின்றன. வீட்டில் எவர்சில்வர் பாத்திரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். ஆனால் சப்பாத்திப் பலகையும் கட்டையும் மரத்தாலானவை, வெடிப்புகளில் மாவு தங்கும், அவற்றைப் பொதுவில் வைக்கக் கூடாது.

இழந்ததை நிரப்பும் உணவு

குளூட்டனை விலக்கியவுடன் உணவு தானாகவே நல்ல உணவாகிவிடாது. கடையில் விற்கும் குளூட்டன் இல்லாத பிஸ்கட், கேக் போன்றவை பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும் கொழுப்பும்தான். நார்ச்சத்து குறைவு, விலையோ அதிகம். நோய் இல்லாதவர்கள் இளைப்பதற்காக அவற்றை வாங்குவதில் எனக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. மறுபுறம், மூன்று வேளையும் தீட்டிய வெள்ளரிசியே உண்டால் பாதுகாப்பு உண்டு, ஆனால் ஆண்டுக்கணக்கில் குடல் இழந்த இரும்பும் கால்சியமும் ஃபோலேட் என்ற வைட்டமினும் அதிலிருந்து திரும்ப வராது.

கேழ்வரகு இங்கே விலைமதிப்பற்றது. நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ள வேறு தானியம் நம்மிடம் இல்லை. கம்பங்கூழும், தினை, சாமைச் சோறும் நார்ச்சத்தையும் இரும்பையும் கூட்டும். முருங்கைக் கீரை, பருப்பு, சுண்டல், எள், முட்டை, நெத்திலி போன்ற சிறு மீன், இறைச்சி என்று அவரவர் வழக்கத்துக்கு ஏற்பச் சேர்க்கலாம். கீரையோடும் பருப்போடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும், சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். மருத்துவர் தரும் மாத்திரைகளை உணவு நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிறுத்த வேண்டாம்.

தொடக்கத்தில் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் இருக்கிறது. நுனி தேய்ந்தால் அதுவும் போய்விடும். குடல் ஆறும்போது பெரும்பாலும் திரும்பி வரும். அதுவரை தயிரும் மோரும் பலருக்கு ஒத்துப்போகும். அறிகுறிகள் சில வாரங்களில் தணியத் தொடங்கினாலும் குடலுறிஞ்சிகள் மீண்டும் வளரக் குழந்தைகளுக்கு மாதங்களும் பெரியவர்களுக்குச் சில ஆண்டுகளும் ஆகலாம். இடையிடையே எதிர்ப்பொருளின் அளவைச் சோதிப்பதும், பெரியவர்களுக்கு எலும்பின் அடர்த்தியைப் பார்ப்பதும் சிகிச்சையின் பகுதியே.

குடும்பத்தில் யாருக்கு?

ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு அது இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஏறத்தாழ பத்தில் ஒருவர் வரை இருக்கலாம். அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களுக்கும் இரத்தச் சோதனை செய்யச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, இரண்டாம் ஆண்டில்தான் செய்தோம். அக்காவின் கணவருக்கும் பிள்ளையின் தம்பிக்கும் இல்லை என்று வந்தது. அக்காவுக்கு இருந்தது. திருமணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு இருந்த சோகைக்கும், நாற்பது வயதிலேயே தேயத் தொடங்கிய எலும்புக்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது. இப்போது அந்த வீட்டில் காலையில் இரண்டு தட்டுகளில் கேழ்வரகு அடை விழுகிறது, தாய்க்கும் மகளுக்கும்.